தீபாவளிக்கு இரவு வேனில் பொகவந்தலாவைக்குப் போவது பற்றி

கேள்வி (ஒக்டோபர் 8, 2025)

புறக்கோட்டைக் கடைகளில் வேலை செய்யும் நாங்கள் 12 பேர் சேர்ந்து வேன் ஒன்று பேசியிருக்கிறோம். 18ஆம் திகதி சனிக்கிழமை கடை மூடியதும் இரவு 10 மணிக்குக் கிளம்பி பொகவந்தலாவைக்குப் போகிறோம். வேன்காரர் எங்களை இறக்கிவிட்டு உடனே திரும்பி இன்னொரு செட்டை ஏற்றப் போகிறாராம், அதனால் ஆளுக்குக் குறைவாகத்தான் கேட்கிறார். இரவில் ரோடு காலியாக இருக்கும், விரைவாகப் போய்விடலாம் என்றும் சொல்கிறார். கினிகத்தேனை வழியா, கண்டி சுற்றியா, எது பாதுகாப்பு?

ஒக்டோபர் 8, இரவு

ரோட்டைப் பற்றிக் கேட்டதற்கு முதலில் பதில். அவிசாவளை, எட்டியாந்தோட்டை, கித்துல்கல, கினிகத்தேனை, வட்டவளை, ஹட்டன், அப்புறம் டிக்கோயா, நோர்வூட். அதுதான் நேர் வழி. கண்டியைச் சுற்ற வேண்டிய அவசியமே இல்லை.

ஆனால் தம்பி, உங்கள் கேள்வியில் என்னைப் பயப்படுத்தியது ரோடு இல்லை. 'இறக்கிவிட்டு உடனே திரும்பி' என்று எழுதியிருக்கிறீர்களே, அது. நான் டிக்கோயா பக்கத்து ஆள், பல வருடம் ஹயர் வேன் ஓட்டியவன், இப்போது ஹட்டன் பக்கம் டயர் கடை வைத்திருக்கிறேன். பண்டிகைக்கு முதல் வாரம் அந்த வேன்காரர் எப்படி ஓடுவார் என்று எனக்குத் தெரியும். சனிக்கிழமை காலை 5 மணிக்கு எழுந்திருப்பார். பகலில் வேறு ஹயர் ஒன்று இருக்கும். இரவு 10 மணிக்கு உங்களை ஏற்றும்போதே அவர் 17 மணி நேரம் விழித்திருக்கிறார். அவ்வளவு நேரம் தூங்காதவரின் கண்ணும் கையும், இரத்தத்தில் 0.05 சதவீதம் மது ஏறியவருடையதைப் போல மந்தமாகும் என்று ஆராய்ச்சிகளில் கண்டிருக்கிறார்கள். நீங்கள் ஊர் போய்ச் சேர அதிகாலை 3, 4 ஆகும். அதன்பிறகு அவர் பேச்சுத் துணைக்கும் ஆளில்லாமல் வட்டவளை, கினிகத்தேனை இறக்கத்தில் தனியாக இறங்க வேண்டும். ஞாயிறு காலை அதே ஆளை நம்பி இன்னொரு 12 பேர் ஏறுவார்கள்.

அவர் குறைத்துக் கேட்கும் காசு அவருடைய தூக்கத்திலிருந்து வருகிறது. அந்த ஏற்பாட்டை மாற்றச் சொல்லுங்கள்.

ஒக்டோபர் 9

"அண்ணே, அவர் இந்த ரோட்டில் பழம் தின்று கொட்டை போட்டவர், தூங்கமாட்டார்" என்று ஒரு தம்பி எழுதியிருக்கிறார். பழக்கம் வளைவுக்கு உதவும், தூக்கத்துக்கு உதவாது. பழகிய ரோட்டில்தான் தூக்கம் இன்னும் லேசாக வரும், ஏனென்றால் மனம் வேலை செய்ய வேண்டியதில்லை. கண் திறந்தபடியே இரண்டு மூன்று விநாடி மூளை நின்றுபோகும், அப்படி நின்றது ஓட்டுகிறவருக்கே தெரியாது. மணிக்கு 40 கிலோமீற்றரில் போகும் வேன் மூன்று விநாடியில் 30 மீற்றருக்கு மேல் ஓடிவிடும். நம் ரோட்டில் வளைவே இல்லாத 30 மீற்றர் எங்கே இருக்கிறது?

பாட்டுச் சத்தத்தைக் கூட்டுவது, கண்ணாடியை இறக்கிக் குளிர்காற்று வாங்குவது, வெற்றிலை போடுவது எல்லாம் பத்து நிமிடத்துக்குத்தான். நிஜமாக உதவுவது ஓரமாக நிறுத்திவிட்டு 20 நிமிடம் கண்ணை மூடுவது. அதற்கு முன்னால் ஒரு பிளேன்டீயோ கோப்பியோ குடித்தால் விழிக்கும் நேரத்துக்கு அது வேலை செய்யத் தொடங்கியிருக்கும்.

ஒக்டோபர் 10

நேற்று எழுதியதை நினைத்துக்கொண்டே இருந்தேன். எல்லாப் பழியையும் சாரதி தலையில் போட்டது போல அது படிக்கிறது. நான் சொல்ல வந்தது அதுவல்ல.

இந்த வருடம் நடந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். மே 11, வெசாக் விடுமுறை நேரம், கதிர்காமத்திலிருந்து குருநாகலுக்குப் போன பஸ் கொத்மலை கரண்டியெல்லவில் விடியும் முன்பே பள்ளத்தில் விழுந்தது. இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். செப்டெம்பர் 4 இரவு, எல்ல வெல்லவாய ரோட்டில் தங்காலை நகரசபை ஊழியர்கள் சுற்றுலா முடிந்து திரும்பிய பஸ் பள்ளத்தில் போய் 15 பேர் இறந்தார்கள். அதற்கு முன்னால் 2023 ஜனவரி 20, நானுஓயா ரதெல்ல குறுக்கு ரோட்டில் பாடசாலைச் சுற்றுலா பஸ் இறக்கத்தில் வந்து வேனையும் ஆட்டோவையும் மோதி, அந்த இரண்டிலும் இருந்த 7 பேர் செத்தார்கள். வேனில் வந்தவர்கள் நம் டிக்கோயா பக்கத்துக் குடும்பம். அந்தச் செய்தி வந்த ராத்திரி இங்கே பல வீடுகளில் அடுப்பு எரியவில்லை.

மூன்றுக்கும் காரணம் ஒன்றே என்று நான் சொல்லவில்லை, அதை விசாரணை செய்தவர்கள்தான் சொல்ல வேண்டும். ஆனால் மூன்றும் எந்த நேரத்தில், எப்படிப்பட்ட பயணத்தில் நடந்தன என்று பாருங்கள். விடியும் முன் ஒன்று, சுற்றுலா முடிந்த இரவில் ஒன்று, சுற்றுலா வந்த இடத்து இறக்கத்தில் ஒன்று. ஒரே நாளில் நுவரெலியாவும் பார்த்து எல்லயும் பார்த்து இரவே வீடு திரும்ப வேண்டும் என்று திட்டம் போடுவது சாரதி இல்லை. வண்டி பேசுகிற ஆள்தான். ஹயர் ஓட்டிய காலத்தில் எனக்கும் அப்படிப் பட்டியல் கொடுப்பார்கள், அதில் சாப்பாட்டுக் கடை இருக்கும், நீர்வீழ்ச்சி இருக்கும், கோயில் இருக்கும். நான் எப்போது படுப்பேன் என்று மட்டும் இருக்காது. மறுத்தால் அடுத்த வேன்காரரைக் கூப்பிடுவார்கள், லீசிங் காசு கட்ட வேண்டியவர் எப்படி மறுப்பார்?

அதனால்தான் தம்பி, உங்களிடம் சொல்கிறேன். நேரத்தை முடிவு செய்யும் அதிகாரம் உங்கள் 12 பேர் கையில் இருக்கிறது.

ஒக்டோபர் 11

"இரவில்தான் நல்லது, வளைவுக்கு அந்தப் பக்கம் வரும் வண்டியின் வெளிச்சம் முன்கூட்டியே தெரியும்" என்று கம்பளையிலிருந்து ஒருவர். இது உண்மை, நானும் இரவில் அப்படித்தான் கணக்குப் பார்ப்பேன், பாறையில் வெளிச்சம் அடித்தால் மெதுவாக்கிவிடுவேன். ஆனால் வெளிச்சம் இருக்கிறவன் மட்டும்தான் தெரிவான். பின்பக்க லைட் எரியாத லொறி, பழுதாகி நடுரோட்டில் நிற்கும் டிரக்டர், கறுப்புக் கம்பளி போர்த்திக்கொண்டு ஓரமாக நடந்து வரும் பெரியவர், இவர்கள் யாரும் தெரியமாட்டார்கள். தீபாவளிக்கு முந்திய இரவுகளில் நடந்து போகிறவர்கள் எல்லாரும் நேராகவும் நடப்பதில்லை.

ஒக்டோபர் 12, ஞாயிறு, கடை லீவு

இன்று நேரம் இருக்கிறது, இறக்கம் பற்றி முழுவதாக எழுதுகிறேன். ஏற்றத்தில் வண்டி திணறும், சத்தம் போடும், எல்லாரும் பயப்படுவார்கள், ஆனால் ஏற்றத்தில் பெரிதாக ஒன்றும் ஆகாது. ஆளைக் கொல்வது இறக்கம்.

என் மாமா தேயிலை லொறி ஓட்டியவர். எந்த கியரில் ஏறினாயோ அந்த கியரில் இறங்கு என்பார். காரணம் இதுதான். மூன்றாம் கியரிலோ இரண்டாம் கியரிலோ இறங்கினால் எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கும், பிரேக்குக்கு வேலை குறைவு. டொப் கியரில் விட்டு பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் வண்டியின் வேகம் முழுவதும் பிரேக்கில் சூடாக இறங்கும். முதலில் கருகிய வாடை வரும். அதுதான் கடைசி எச்சரிக்கை, அதற்கு மேல் சில்லைப் பிடிக்கும் பிரேக் லைனர் சறுக்கத் தொடங்கும், பிரேக் ஒயில் கொதித்துக் குழாயில் ஆவி நிற்கும், பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும். அப்போது எவ்வளவு மிதித்தும் பயனில்லை. பெரிய பஸ்ஸில் காற்று பிரேக், அங்கே கதை கொஞ்சம் வேறு. சும்மா சும்மா தட்டிக்கொண்டே வந்தால் தாங்கியில் காற்று குறையும், எஞ்சின் அதை நிரப்ப நேரம் கொடுக்க வேண்டும்.

வாடை வந்தால் தயவுசெய்து யாராவது வாய் திறந்து சொல்லுங்கள். பின் சீட்டில் இருப்பவருக்குத்தான் முதலில் மூக்கில் ஏறும், "அவருக்குத் தெரியாததா" என்று பேசாமல் இருப்பார். அகலமான இடமாகப் பார்த்து நிறுத்தி அரை மணி நேரம் ஆறவிட வேண்டும். சூடான பிரேக் டிரம்மில் தண்ணீர் ஊற்றாதீர்கள், வெடிப்பு விழுந்துவிடும்.

இன்னொன்று, நிறுத்தும்போது சில்லுக்குக் கல் வைப்பார்கள், நல்லதுதான். போகும்போது அந்தக் கல்லை எடுத்து ஓரத்தில் போட்டுவிட்டுப் போங்கள். இரவில் அந்தக் கல்லில் மோட்டார் சைக்கிள் ஏறி விழுந்தவர்களை நான் தூக்கிவிட்டிருக்கிறேன்.

நியூட்ரலில் விடுவது பற்றி எழுதவே கோபம் வருகிறது. பெற்றோல் மிச்சம் பிடிக்கிறேன் என்று இறக்கத்தில் எஞ்சினையே நிறுத்திவிட்டு ஆட்டோவை உருளவிடுகிறார்கள், பின்னால் நாலு பிள்ளைகள். வேனிலோ காரிலோ எஞ்சினை நிறுத்தினால் இன்னும் மோசம். பிரேக்குக்கு உதவும் வெற்றிடம் இரண்டு மூன்று மிதியில் தீர்ந்துவிடும், ஸ்டியரிங் கல்லாகிவிடும்.

ஒக்டோபர் 13

"ஓட்டோ கியர் வண்டிக்கு என்ன செய்வது, டி-யில் போட்டால் அதுவே பார்த்துக்கொள்ளாதா" என்ற கேள்விக்கு: பார்த்துக்கொள்ளாது. நேற்று மெனுவல் வண்டியை மட்டும் மனதில் வைத்து எழுதிவிட்டேன், இப்போது ஏப்ரலில் நுவரெலியாவுக்கு வருவதில் பாதி இந்த மாதிரி வண்டிதான். எல் அல்லது 2 என்று இருந்தால் இறக்கத்தில் அதில் போடுங்கள். பிரியஸ், அக்வா மாதிரி ஹைபிரிட்டில் B என்று ஒன்று இருக்கும் (நிறுத்தும்போது போடும் P இல்லை), அது நீண்ட இறக்கத்துக்கென்றே வைத்தது. கொஞ்ச தூரம் பற்றரி சார்ஜ் ஆகிக்கொண்டே வண்டியைப் பிடிக்கும், பற்றரி நிறைந்த பிறகு அப்படிப் பிடிக்க முடியாது. B-யில் போட்டால் எஞ்சின் பிடிக்கும். கொழும்பில் ஓட்டும்போது தேவைப்படாததால் பலர் அதைத் தொட்டுப் பார்த்ததே இல்லை. இறம்பொடையில் புகை வரும் சில்லோடு நிற்கும் வண்டிகளில் நான் விசாரித்தவை நிறைய இப்படித்தான்.

ஒக்டோபர் 13, பின்னேரம்

டயர் பற்றி ஒருவரும் கேட்கவில்லை, ஆனாலும் என் தொழில். வேன் பேசும்போது டயரின் பக்கச் சுவரில் நாலு இலக்க எண்ணைப் பாருங்கள். 2319 என்றால் 2019ஆம் வருடம் 23ஆம் வாரம் செய்தது. பழைய டயரில் ரோட்டைப் பிடிக்கும் பூ நன்றாக இருக்கும், ஆனால் ரப்பர் காய்ந்து பக்கத்தில் மயிர்க்கோடாக வெடித்திருக்கும். மழையில் நனைந்த ரோட்டில் அந்த ரப்பர் பிடிக்காது. ரீபில்ட் டயர், அதாவது தேய்ந்த டயருக்கு மேலே புது ரப்பர் ஒட்டியது, போட்டிருந்தால் குறைந்தபட்சம் முன் சில்லில் இல்லாமல் இருக்கட்டும்.

12 பேருக்கும் பை இருக்கும், பிள்ளைகளுக்கு உடுப்பு, அம்மாவுக்குச் சேலை, அரிசி மூட்டை, சிலர் டீவியும் வாங்கியிருப்பார்கள். எல்லாவற்றையும் கூரைக் கெரியரில் ஏற்றினால் வளைவில் வண்டி சாயும். பாரமானதை உள்ளே சீட்டுக்குக் கீழே வையுங்கள், மேலே உடுப்புப் பை மட்டும் போகட்டும். முன் சீட்டுக்கு பெல்ட் 2011இலிருந்து சட்டம், பின்னால் பெல்ட் இருந்தால் அதையும் போடுங்கள். உருளும் வண்டியிலிருந்து வெளியே எறியப்படுகிறவர்கள்தான் அதிகம் சாகிறார்கள்.

ஒக்டோபர் 14

மழை. ஒக்டோபரில் நமக்குப் பெரும்பாலும் மத்தியானத்துக்கு மேல் இடியோடு கொட்டும். அதனால் ஏறுவதும் இறங்குவதும் மத்தியானத்துக்குள் முடிந்தால் நல்லது. கினிகத்தேனைப் பக்கம் மண்சரிவுக்குப் பேர் போனது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று எச்சரிக்கை விடுகிறது, கிளம்பும் முன் அம்பகமுவ பிரதேசத்துக்கு என்ன போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். மேட்டிலிருந்து சிறு கல் உருண்டு வந்தாலோ, தெளிவாக ஓடிய கான் தண்ணீர் திடீரென்று சேறாக மாறினாலோ, அந்த இடத்தில் நின்று படம் எடுக்காதீர்கள்.

பனிமூட்டத்தில் ஹை பீம் போடாதீர்கள், வெள்ளைச் சுவர் மாதிரி உங்கள் முகத்துக்கே திரும்பி வரும். லோ பீம் போதும். நாலு சிக்னலையும் மின்னவிட்டுக்கொண்டு ஓடுகிறார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. நீங்கள் எந்தப் பக்கம் திரும்பப் போகிறீர்கள் என்று பின்னால் வருகிறவனுக்கு எப்படித் தெரியும்? நிறுத்தும்போது போடுங்கள்.

ஒக்டோபர் 15

"ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்பதை எழுதவில்லையே" என்கிறார் ஹப்புத்தளை ஆசிரியர் ஒருவர். சரியான பேச்சு, சேர். ஏற்றத்தில் நின்றால் மறுபடி எடுப்பது கஷ்டம், அதனால் இறங்குகிறவர் ஒதுங்க வேண்டும். முன்பெல்லாம் தோட்டத்து லொறிக்காரர்கள் சொல்லாமலே செய்வார்கள். இப்போது சீசனுக்கு வருகிறவர்களிடம் அது இல்லை, இரண்டு பேரும் முட்டிக்கொண்டு நிற்க பின்னால் இருபது வண்டி சேர்ந்துவிடும்.

அவர் சொன்னதிலிருந்து இன்னொன்று ஞாபகம் வந்தது. நம் ரோட்டில் நடைபாதை இல்லை. பிள்ளைகள் பள்ளிக்கும், அக்காமார் கொழுந்து மலைக்கும் அதே ரோட்டின் ஓரத்தில்தான் நடக்கிறார்கள், விறகுக் கட்டு தலையில் இருந்தால் திரும்பிப் பார்க்கவும் முடியாது. டெவன், சென் கிளையர் நீர்வீழ்ச்சிகள் பார்க்கிற இடத்தில் வெளியூர் வண்டிகள் ஓரத்தை முழுக்க அடைத்து நிற்கும்போது இவர்கள் நடுரோட்டில் இறங்கித்தான் கடக்க வேண்டும். லீவு நாட்களில் இங்கே ஒரு தாய் பிள்ளையைக் கடைக்கு அனுப்ப யோசிக்கிறாள். விபத்துச் செய்தியில் சுற்றுலா வந்தவர்கள் இருப்பார்கள், கான் கட்டில் ஒட்டிக்கொண்டு நின்று தப்பிய பிள்ளையைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. ஊருக்கு வரும் நம் ஆட்களும் இதை நினைக்க வேண்டும். உங்கள் தங்கச்சியும் அந்த ஓரத்தில்தான் நடக்கிறாள்.

ஒக்டோபர் 16

சின்னக் குறிப்பு. ஊர் வந்ததும் வேன்காரரை வெறும் வயிற்றோடு அனுப்பக் கூடாது என்று நினைப்பது நம் பண்பு. சோறு போடுங்கள், கோழிக்கறி போடுங்கள், பலகாரம் கட்டிக் கொடுங்கள். கிளாசில் ஊற்றிக் கொடுக்காதீர்கள். "ஒரு பெக் தானே, குளிருக்கு" என்று வற்புறுத்துவது பெரும்பாலும் வீட்டுக்குப் பெரியவர், அவரிடம் மறுத்துப் பேச வேன்காரர் கூச்சப்படுவார். வீட்டுப் பிள்ளைகள் முன்கூட்டியே அப்பாவிடம், மாமாவிடம் சொல்லி வையுங்கள்.

ஒக்டோபர் 17

கேள்வி கேட்ட தம்பி பேசிப் பார்த்திருக்கிறார். சனி இரவு எல்லாரும் கொழும்பிலேயே தூங்கி, ஞாயிறு காலை 5 மணிக்குக் கிளம்புகிறார்களாம். இரண்டாவது செட்டை வேன்காரர் தன் மச்சானுக்கு விட்டுக்கொடுத்துவிட்டார். ஆளுக்குக் கொஞ்சம் கூடக் கொடுக்க வேண்டியிருக்கிறது, 12 பேரில் இரண்டு பேருக்கு மனமில்லை என்கிறார். அந்த இரண்டு தம்பிகளுக்கும் நான் சொல்வது, உங்கள் கஷ்டம் தெரியும், கடைச் சம்பளத்தில் நூறு ரூபாயும் நூறு ரூபாய்தான். மற்ற பத்துப் பேரும் கொஞ்சம் கொஞ்சம் சேர்த்து அந்த இடைவெளியை நிரப்புங்கள், அவர்களை விட்டுவிட்டு வராதீர்கள். விட்டுவிட்டால் நெரிசல் பஸ்ஸின் மிதிபலகையில் தொங்கிக்கொண்டுதான் வருவார்கள்.

போனில் இரண்டு எண் வையுங்கள். 1990 சுவசெரிய அம்புலன்ஸ், காசு கிடையாது. 119 பொலிஸ். கூப்பிடும்போது பக்கத்துக் கிலோமீற்றர் கல்லின் எண்ணையும், தோட்டத்தின் பதிவுப் பெயரையும் சொல்லுங்கள். நாம் லயத்தில் கூப்பிடும் பெயர் மட்டும் சொன்னால் அவர்களுக்கு இடம் பிடிபடாது. கழுத்தில், முதுகில் வலி என்கிறவரை அவசரப்பட்டு இழுத்து ஆட்டோவில் மடக்கிப் போடாதீர்கள்.

ஒக்டோபர் 19, மத்தியானம்

வந்துவிட்டார்கள். கித்துல்கலவில் தேத்தண்ணிக்கு ஒருமுறை, வட்டவளையில் ஒருமுறை நிறுத்தினார்களாம். வேன்காரர் இப்போது அந்தத் தம்பியின் சித்தப்பா வீட்டில் படுத்திருக்கிறார்.

ஒக்டோபர் 21

எல்லாருக்கும் நேற்று தீபாவளி நல்லபடியாக முடிந்திருக்கும். இப்போதுதான் இந்த இழையில் நான் அதிகம் கவலைப்படும் பகுதி. போகும்போது எல்லாரும் கவனமாக இருப்பார்கள், வாழ்த்துச் சொல்லி அனுப்புவார்கள். திரும்புவது கண்டுகொள்ளப்படாத பயணம். நமக்கோ வருவது ஏற்றம், திரும்புவது இறக்கம். இரண்டு நாள் சரியாகத் தூங்காமல், வயிறு நிறைய, நேற்றைய சாராயம் உடம்பில் மிச்சம் இருக்க, கடை திறக்கும் நேரத்துக்குள் போக வேண்டும் என்று அதிகாலை 2 மணிக்கு நோர்வூட்டிலிருந்து கிளம்புகிறார்கள். நேற்று இரவு குடித்தது காலையில் இறங்கியிருக்கும் என்று நம்பாதீர்கள், நிறையக் குடித்திருந்தால் விடிந்த பிறகும் இரத்தத்தில் இருக்கும், முகம் கழுவினால் போகாது.

தம்பி, நாளை காலை வெளிச்சம் வந்த பிறகு 6 மணிக்குக் கிளம்புகிறோம் என்று சொன்னீர்கள். முதலாளிக்கு இன்றைக்கே போன் செய்து பின்னேரம்தான் வருவோம் என்று சொல்லிவிடுங்கள், அப்போதுதான் வழியில் யாரும் வேன்காரரை அவசரப்படுத்தமாட்டார்கள். வட்டவளை தாண்டியதும் அவர் எந்த கியரில் இறங்குகிறார் என்று முன் சீட்டில் இருப்பவர் பார்க்கட்டும். கிளம்பும் வழியில் ஹட்டனில் என் கடைக்குக் கொண்டுவந்தால் நாலு சில்லுக்கும் காற்றுப் பார்த்துத் தருகிறேன், காசு வேண்டாம். காலை ஆறரைக்கே திறந்துவிடுவேன்.